பொண்ண வுட மாட்டோம்

சைகோன் துறைமுகத்துச் சுங்க ஆபீசில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் என் மூத்தவனுக்கு உன் அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். கரும்பு வெட்டு தொடங்கிவிட்டது, உன் அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. உன் கடிதமும், அதற்குள் நீ மடித்து வைத்திருந்த சைகோன் பத்திரிகைத் துண்டும் நேற்று வந்தன. உன் அப்பா உறையைத் தடவிப் பார்த்து, "கனமா கீது. புள்ளைக்கு மனசு செரியில்ல போல" என்று என்னிடம் நீட்டிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். நான் படித்தேன். படித்து முடித்ததும் சிரித்தேன், இடுப்பு நோகச் சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதே ராசா. நீ அழுதுகொண்டே எழுதியதைப் படித்துச் சிரிக்கிற அம்மா உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன், ஆனால் காரணம் தெரிந்தால் நீயும் சிரிப்பாய்.

உன் துண்டில் இருக்கிற சேதி இது. இந்தியாவில் பிரெஞ்சுக் கொடி பறக்கும் ஒரு கிராமத்தில், மாதா திருநாளன்று, சம்பசீவ் என்ற வெறியன் தலைமையில் இந்துக்கள் கழிகளோடு திரண்டு தெருவை அடைத்தார்களாம். மரி என்ற கிறிஸ்தவப் பெண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டார்களாம். ஒரு சேலையைப் பிணையாகக் கொடுத்த பிறகுதான் அவளை விட்டார்களாம். அந்த நாட்டில் மதங்கள் இப்படித்தான் குடித்தனம் நடத்துகின்றன என்று கடைசியில் ஒரு நீதி வேறு. உன் ஆபீசுத் துரைகள் அதை உரக்க வாசித்து "உன் ஊர்ப் பக்கமா?" என்று கேட்டார்கள் என்றும், நீ தலையைக் குனிந்துகொண்டு "எங்கள் பக்கம் இல்லை" என்று சொல்லிவிட்டாய் என்றும் எழுதியிருக்கிறாய். அந்தப் பெண் அப்புறம் என்ன ஆனாளோ என்று உனக்குச் சோறு இறங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாய்.

அட அசடே, அது நம் ஊர்தான். சம்பசீவ் என்றால் யாரென்று நினைத்தாய்? உன் சாம்பசிவம் மாமாடா. கீழத்தெருவில் தேங்காய் உடைத்தால் முதல் சில்லை உனக்கு எடுத்து வைக்கிற மாமா. கடத்தப்பட்ட பெண்ணையும் உனக்கு நன்றாகத் தெரியும். அவள் மடியில் நீ உட்காரவில்லையே தவிர, அவள் காலடியில்தான் உனக்கு ஞானஸ்நானம் நடந்தது. நம் கோயில் மாதாதான் அந்த மரி. இந்தச் சேதி முதன்முதலில் புதுச்சேரிப் பத்திரிகையில் வந்தபோது உனக்குக் கால்சட்டை போட்டால் கழற்றி எறிகிற வயது, அதனால் நினைவிருக்காது. இத்தனை வருஷம் கழித்து அந்தப் புளுகு கப்பலேறி உன் மேசைக்கே வந்திருக்கிறது. ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தைக் கீழத்தெருவில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஒவ்வொரு பக்கத்தையும் மாமாவுக்கும் அங்கிருப்பவர்களுக்கும் படித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்குகிறேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

தை மாதத்தில் மாதாவின் சப்பரம் கீழத்தெருவில் நுழையும்போது நடப்பது உனக்கு மனப்பாடம். தெரு முனையில் மாமா வீட்டு ஆட்கள் நீளமான கரும்பைக் குறுக்கே பிடித்து மறிப்பார்கள். "எங்க வூட்டுப் பொண்ணு, வுட மாட்டோம்!" என்பார் மாமா. சப்பரத்தோடு வருகிற நாம் மாப்பிள்ளை வீட்டார். நம் பக்கத்துக்குத் தொண்டை நான்தான். "கட்டிக் குடுத்தாச்சு, இனிமே இன்னாய்யா பாத்தியத?" என்று நான் பாய்வேன். "கட்டிக் குடுத்தா? ஒரு வாய் பானகம் குடிக்காம எங்க பொண்ணு இந்தத் தெருவத் தாண்டுமா?" என்று அவர் கரும்பை ஆட்டுவார். அவர் என் சமையலைப் பழிப்பார், நான் அவர் மீசையைப் பழிப்பேன். அப்புறம் நான் இறங்கி வருவேன். அவர்கள் புதுச்சேலையும் பூவும் வெல்லமும் தட்டில் கொண்டு வருவார்கள். சப்பரம் மாமா வீட்டு வாசலில் இறங்கும், ஊர் முழுக்கப் பானகம் குடிக்கும், பிறகு இரண்டு தெரு ஆண்களும் சேர்ந்து தோள் கொடுத்துத் தூக்குவார்கள்.

ஏன் இப்படி என்று உனக்கு யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். மாதாவின் மரச் சுரூபம் நம் ஊருக்கு முதன்முதலில் மாட்டு வண்டியில் வந்த சமயம், சங்கராபரணி ஆற்றில் வெள்ளம். கோயில் பக்கம் வர முடியாமல் வண்டி கீழத்தெருவிலேயே நின்றுவிட்டது. மாமாவின் பாட்டனார் வீட்டில்தான் சுரூபத்தை இறக்கினார்கள். வெள்ளம் வடிகிற வரை அந்த வீட்டுப் பெண்கள் அதற்கு விளக்கு வைத்தார்கள், பூ வைத்தார்கள். நம் ஆட்கள் வந்து எடுத்துப் போனபோது, வீட்டுப் பெண்ணை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று ஒரு சேலையைச் சாத்தி அழுதார்களாம். அன்றைக்கு அது தாய்வீடு ஆயிற்று. அவ்வளவுதான் சங்கதி. இதற்கு வேதமும் தேவையில்லை, சட்டமும் தேவையில்லை.

பத்திரிகையில் சேதி வந்த அந்த வருஷத் திருநாளுக்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு நிருபர் வந்தார். நம் நிறந்தான், ஆனால் பிறந்ததிலிருந்தே பிரெஞ்சு பேசி வளர்ந்தவர். தமிழ் காதில் விழும், மனசுக்குப் போகாது. தலையில் வெள்ளைத் தொப்பி, காலில் வெள்ளைச் சப்பாத்து. கூட்டத்தின் பின்னால் நின்றுகொண்டு, பக்கத்தில் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தவனிடம் விசாரித்திருக்கிறார். "யாரந்தப் பெண்?" "மரியம்மாதாங்க." "என்ன செய்கிறார்கள்?" "வுட மாட்றாங்க." "எப்போது விடுவார்கள்?" "சேலைய வாங்கிக்கினாத்தான் வுடுவாங்க." அதற்குள் மாமா கரும்பைத் தலைக்குமேல் சுழற்றியிருக்கிறார். நானும் அன்றைக்கு வழக்கத்தைவிட உரக்கக் கத்தினேன், உள்ளதைச் சொல்ல வேண்டுமே. மனுஷன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓட்டமாக ஓடி வண்டி ஏறிவிட்டார். இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் அவருக்கும் ஒரு சொம்பு பானகம் கிடைத்திருக்கும்.

இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள். அந்த மனுஷர் பொய் எழுதவில்லை. மறித்தார்கள், உண்மை. கழி இருந்தது, உண்மை, கரும்பும் கழிதானே. பெண் பெயர் மரி, உண்மை. வுட மாட்டோம் என்றார்கள், உண்மை. சேலை வந்ததும் விட்டார்கள், அதுவும் உண்மை. சொல்லுக்குச் சொல் சரியாக இருக்க, மொத்தமும் புளுகாகிவிட்டது. முழுப் பொய்யாக இருந்தால் ஒரே ஊதில் ஊதியிருப்போம். பாதியில் ஓடிப்போனவன் எழுதியதை மறுப்பதுதான் பெரும்பாடு.

பத்திரிகை வந்த கையோடு போலீசுக் கொமிசேர் துரை சிப்பாய்களோடு வந்து இறங்கினார். கடத்தப்பட்ட மரியைக் காட்டு என்றார். நம் தெருவில் மரிக்கா பஞ்சம்? ஆரோக்கியமரி, சூசைமரி, ஞானமரி, மரியபுஷ்பம் என்று வீட்டுக்கு ஒருத்தி வந்து நின்றோம். ஒவ்வொருத்தியிடமும் "உன்னைக் கடத்தினார்களா?" என்று கேட்டார்கள். பல்லில்லாத சூசைமரிக் கிழவி, "என்ன எவன்யா கடத்துவான்? கடத்தினாலும் கஞ்சி ஊத்துவானா, அதக் கேட்டுச் சொல்லு, இப்பவே போறேன்" என்றாள். சிப்பாய்களே சிரித்துவிட்டார்கள். மாமா முன்னால் வந்து, "தொர, பொண்ணு கோயில்ல நிக்குது. போயி நீங்களே கேளுங்க" என்றார். கொமிசேர் கோயிலுக்குப் போய்ச் சுரூபத்தைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், சிரிக்கவில்லை. பத்திரிகையில் வந்துவிட்டது, மேலிடத்தில் கேட்கிறார்கள், எழுதியது தப்பு என்று அந்தப் பத்திரிகையே சொல்லாத வரை இனிமேல் சப்பரம் கீழத்தெருவுக்குள் போகக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

அப்போதுதான் சிரிப்பு நின்றது. வில்லியனூர்ச் சந்தையில் எவனோ மாமாவைப் பார்த்து "பொண்ணு தூக்கி" என்று கூப்பிட்டிருக்கிறான். அதிலிருந்து மாமா சந்தைக்குப் போவதை விட்டுவிட்டார். நெல் விற்கக்கூட வேறு ஆளை அனுப்பினார். அதைவிட மோசம் என்ன தெரியுமா? நம் தெருப் பிள்ளைகள் சிலர் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆமா, அவங்க எதுக்கு நம்ம சாமிய மறிக்கணும்? இன்னா உரிம?" என்று பேசத் தொடங்கினார்கள். கீழத்தெருவிலும் சிலர், "நம்மள வெறியன்னு எழுதிப்புட்டாங்க, நாம ஏன் சேல குடுக்கணும்?" என்றார்கள். நடக்காத சண்டையை எவனோ எழுதினான், அதை நடத்திக் காட்ட இவர்கள் தயாராகிறார்களே என்று உன் அப்பாவிடம் புலம்பினேன். மாமா ஒரு நாள் நம் வீட்டுக்கு வந்து படியில் குந்தினார். "தங்கச்சி, வர்ற தையில எங்க பொண்ணு எங்க வூட்டு வாசலுக்கு வராதா?" என்று கேட்டார். 

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, உனக்கே தெரியும். கன்னிமார் பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீகள் எனக்குப் பிரெஞ்சு படிக்கக் கற்றுக்கொடுத்ததிலிருந்து, கையில் கிடைத்த பத்திரிகையை விளம்பரம் வரை விடமாட்டேன். அந்தப் பாழாய்ப்போன பத்திரிகையையும் வரிவரியாகப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் புதுச்சேரி வியாபாரி ஒருவர், தன்னைப் பற்றி வந்த சேதிக்குப் பதில் எழுதியிருந்தார். மேலே, 'சட்டப்படி வெளியிடுகிறோம்' என்று ஒரு வரி. உன் அப்பாவை விட்டு, பத்திரம் பதிகிற நோத்தேர் ஆபீசில் விசாரித்தேன். பத்திரிகையில் எவன் பேர் வருகிறதோ, அவன் எழுதுகிற பதிலை அதே இடத்தில் போட்டே ஆக வேண்டுமாம், பிரெஞ்சுச் சட்டம். ஆனால் வசவு இருக்கக்கூடாது, அளவுக்கு மீறி நீளக்கூடாது. எனக்குக் குதிக்கலாம் போல இருந்தது. மாமாவிடம் ஓடினேன். "அண்ணே, உங்க பேரப் போட்டு மானத்த வாங்கினாங்க இல்ல? பேரப் போட்டதாலதான் உங்களுக்கு வாய் கீது!"

முதல் பதிலை மாமா சொல்லச் சொல்ல எழுதினேன். "எழுது தங்கச்சி, ஏண்டா பன்னிப் பயலே, உன் கண்ணுல கொள்ளி வெக்க..." நானும் சூட்டோடு சூடாக அத்தனையையும் பிரெஞ்சாக்கினேன். கன்னிமார் அந்தச் சொற்களையெல்லாம் கற்றுத்தரவில்லை, அதனால் நானே சிலவற்றை உண்டாக்க வேண்டியிருந்தது. தபாலில் போனது, திரும்பி வந்தது. வசவு. இரண்டாவது பதிலில் வெள்ளம், வண்டி, பாட்டனார், விளக்கு, நம் ஊர்ச் சரித்திரம் எல்லாவற்றையும் கொட்டினேன். அதுவும் திரும்பி வந்தது. நீளம். உன் அப்பா அன்றைக்கு வாயைத் திறந்தார். "நீ எழுதறது கொமிசேருக்குப் புரியுறாப்ல கீது. படிக்கிறவனுக்குப் புரியுறாப்ல எழுது" என்றார். நான் அவரை முறைத்தேன். மனுஷர் சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு முறைத்தேன்.

மூன்றாவது பதில் எப்படி வந்தது என்றால், மாமா சலித்துப்போய், "நான் இன்னா கேக்கறேன், எங்கூடப் பொறந்தவள நான் கடத்துவனா?" என்றார். நான் பேனாவை எடுத்தேன். அதுதானடா கடிதம்! அதையே எழுதினேன். 'ஐயா, நீங்கள் சொன்ன பெண் என் தங்கை. மரத்தால் ஆனவள், கோயிலில் நிற்கிறாள். நான் இந்து. வருஷத்தில் ஒரு நாள் அவள் என் வீட்டு வழியாகப் போகும்போது, சாப்பிடாமல் போகக்கூடாது என்று மறிக்கிறேன். சேலையை நான் வாங்கவில்லை, கொடுக்கிறேன். உங்கள் நிருபர் பானகம் வருவதற்குள் போய்விட்டார். அடுத்த திருநாளுக்கு அவரை அனுப்புங்கள். இப்படிக்கு, சாம்பசிவம், பெண்ணின் அண்ணன்.' இவ்வளவுதான்.

இதைத் தபாலுக்கு நம்ப எங்களுக்கு மனசில்லை. மாமா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார், உன் அப்பா வண்டி பூட்டினார், மூவரும் புதுச்சேரிக்கே போனோம். பத்திரிகை ஆசிரியர் வயதான மனிதர், பெரிய தொந்தி. கடிதத்தை வாங்கி அலட்சியமாகத் தொடங்கினார். 'மரத்தால் ஆனவள்' என்ற இடத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பானகத்துக்கு வந்ததும் சிரிப்பு பொங்கி, மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். மூலையில் உட்கார்ந்திருந்த வெள்ளைத் தொப்பிக்காரரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். அவர் முகம் செம்பருத்திப் பூவாகிவிட்டது. மாமா அவரிடம் போய், "தம்பி, பயந்துட்டியா? நான் கரும்ப அப்டி சுத்தியிருக்கக் கூடாது" என்றார் பாரு, அந்த நிமிஷம் எனக்கு மாமாவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. பதில் அதே பக்கத்தில், அதே இடத்தில், ஒரு சொல் குறையாமல் வந்தது. கொமிசேர் உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அடுத்த தையில் சப்பரம் கீழத்தெரு முனைக்கு வந்தது. கரும்பு குறுக்கே இருந்தது. மாமா அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் அவர் வாயைப் பார்க்கிறோம், சத்தமே வரவில்லை. மீசை நடுங்குகிறது, கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டுகிறது. "இன்னா சம்பந்தி, வாய்ல கொழுக்கட்டையா?" என்று நான் சீண்டிப் பார்த்தேன். தலையைத்தான் ஆட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரியான நானே அவர் பக்கம் போய் நின்று, கரும்பில் ஒரு கை வைத்து, "பொண்ண வுட மாட்டோம்!" என்று கத்தினேன். எனக்குப் பின்னால் நம் தெருவே கத்தியது. போன வருஷம் உரிமை கேட்ட பிள்ளைகள்தான் எல்லோரையும்விட உரக்கக் கத்தினார்கள். மாதாவைக் கூட்டிப்போக வந்தவர்களே விட மாட்டோம் என்று கத்தினால் சப்பரம் எப்படி நகரும்? சிரித்துச் சிரித்து எவனுக்கும் தூக்கத் தெம்பில்லை. வெள்ளைத் தொப்பிக்காரரும் வந்திருந்தார். இரண்டு சொம்பு பானகம் குடித்தார், தொப்பியைச் சூசைமரிக் கிழவியிடம் கொடுத்துவிட்டுத் தோள் கொடுத்தார். ஆனால் அதை அவர் பத்திரிகையில் எழுதியபோது மூலையில் குட்டியாக வந்தது. சந்தோஷச் சேதிக்கு எப்போதும் மூலைதான்.

அதனால்தான் பழைய புளுகு மட்டும் கடல் தாண்டி உன்னிடம் வந்திருக்கிறது. அது உன் தப்பில்லை. புது ஆபீசு, புது ஊர், மேசையைச் சுற்றித் துரைகள், வாய் கட்டிக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் இப்போது உனக்குத் தெரியும். தெரிந்த பிறகு தலையைக் குனிந்தால் கழுத்துதான் வலிக்கும். போய்ப் பேசு. சட்டையைப் பிடிக்காதே, நீ என் பிள்ளை, உன் கை துறுதுறுக்கும் என்று எனக்குத் தெரியும். நம் மதம் பெரிது, நம் நாடு புனிதம் என்றெல்லாம் பிரசங்கம் செய்யாதே, அதை ஒருவனும் கேட்க மாட்டான். நம் ஊரில் சண்டையே கிடையாது என்றும் சொல்லாதே. கிணற்றுத் தண்ணீருக்கும் வரப்புக்கும் நாம் போடும் சண்டை உனக்குத் தெரியாதா? நடந்ததைச் சொல். யார் யாருக்கு என்ன உறவு என்று சொல். சிரிக்க வை. சிரித்தவன் அப்புறம் வெறியன் என்று எழுதக் கூசுவான்.

இதுவரை எழுதிய பக்கங்களையெல்லாம் இங்கே படித்துக் காட்டியாயிற்று. மாமாவுக்கு இப்போது காது மந்தம், இரண்டு தரம் படிக்க வேண்டியிருந்தது. சைகோன் வரைக்கும் தன் பேர் போனதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "மறுபடியும் என் பேரப் போட்டுட்டானா? அப்ப மறுபடியும் எனக்கு வாய் கீது!" என்று உள்ளே போய்த் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து எடுத்து வந்தார், எழுது தங்கச்சி என்றார். பழைய பதிலையே எழுதினேன், ஒரு சொல் மாற்றவில்லை. கீழே கையெழுத்துப் போட்டார். இந்த உறைக்குள் அது இருக்கிறது. நீயே எடுத்துக்கொண்டு போய் அந்தச் சைகோன் பத்திரிகை ஆசிரியர் கையில் கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்டளை.

நான் ஒரு சந்தேகம் கேட்டேன். "அண்ணே, உங்க பேரு வந்துச்சு, உங்களுக்கு உரிம கீது. புள்ளை பேரு வரலியே, அவன் எந்த உரிமையில போயி நிப்பான்?" மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா தங்கச்சி, படிச்சவ, இது தெரியலியா? அவன் என்ன மாமான்னுதான கூப்புடறான்? மாமன் கூடப் பொறந்தவ அவனுக்கு இன்னா வேணும்?" என்றார். தெருவில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் "அம்மா!" என்று பதில் சொன்னார்கள். பதிலின் அடியில், 'பெண்ணின் அண்ணன்' என்று அவர் போட்ட கையெழுத்துக்குக் கீழே, 'பெண்ணின் மகன்' என்று எழுதி இடம் விட்டிருக்கிறோம். அங்கே உன் கையெழுத்துப் போடு.